மனப்பாடம் மனத்தின் பாடமாகட்டும்!

திருத்தணி என்றவுடன் எவருக்கும் நினைவில் எழுவது தணிகை மலையும், ஓராண்டின் நாட்களைப்போல் எண்ணி அமைந்த அதன் 365 படிகளும்தாம். ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் நாள் நடைபெறும் திருப்படித் திருவிழாவில், வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கப்படி, அன்பர்கள் படிதோறும் திருப்புகழ் பாடிக்கொண்டு மலையேறுவர். அவர்களுள் வயது முதிர்ந்த பலர் ஏட்டைப் பாராமலே பாடுவர். அன்றிரவு ஆண்டிறுதி நன்றித் திருப்பலிக்குச் செல்லும் கத்தோலிக்க வீட்டுப் பெண்களாகிய நாங்களும் இவ்வூரின் பிள்ளைகளே. செவியால் கேட்டு, நாவால் சொல்லி, நெஞ்சில் நிறுத்தும் கலையை இவ்வூர் எங்களுக்குச் சிறு வயதிலேயே காட்டிவிட்டது எனலாம்.

அந்தக் கலையை இறைவார்த்தையிடத்தில் பயன்படுத்துவது பற்றியே இங்கு எழுத விழைகிறோம். எங்கள் மறைக்கல்வி வகுப்பில் வாரத்துக்கு ஒரு வசனம் மனப்பாடம் செய்வது வழக்கம். ஞாயிறு திருப்பலியில் வாசித்த நற்செய்தியிலிருந்து ஒரு வசனத்தைத் தேர்ந்து, திங்களன்று சிஸ்டர் கரும்பலகையின் மூலையில் எழுதுவார். வெள்ளிக்கிழமை அதனை அழித்துவிடுவார். பலகையில் இல்லாதது எங்களிடம் இருக்கிறதா என்பதுதான் அதன் பிறகு எழும் கேள்வி.

"கைப்பேசியில் முழு விவிலியமும் இருக்கிறது. தொட்டால் வந்துவிடும். பிறகு எதற்கு இந்த நெட்டுரு?" என்று எங்கள் தந்தையருள் ஒருவர் கேட்டார். "பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதில் என்ன புண்ணியம்?" என்று ஒரு தாயார் கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆகவே விடை தேடிப் புறப்பட்டோம்.

வசனங்களை மனப்பாடம் செய்வது சீர்திருத்த சபைச் சகோதரர்களின் வழக்கம், நமக்குச் செபங்கள் போதும் என்று கத்தோலிக்கருள் சிலர் எண்ணுவதுண்டு. ஆனால் நாம் சொல்லும் செபங்களைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் வியப்பே மேலிடுகிறது. பரலோக மந்திரம் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அருள்நிறை மந்திரத்தின் முற்பகுதி லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதில் வானதூதர் சொன்னது ஒன்று, எலிசபெத்தம்மாள் சொன்னது மற்றொன்று. திருப்பலியில் நற்கருணை வாங்குமுன் நாம் சொல்வது, தம் பணியாளனுக்காக இயேசுவிடம் வந்த நூற்றுவர் தலைவரின் சொற்களைத் தழுவியது. அது மத்தேயு 8ஆம் அதிகாரம். 'தூயவர்' பாடலின் தொடக்கம் இறைவாக்கினர் எசாயா கண்ட காட்சியிலிருந்து வந்தது. ஆக, பள்ளியில் சேர்ந்து 'அ' எழுதுமுன்பே ஒவ்வொரு கத்தோலிக்கக் குழந்தையும் பல வசனங்களை மனத்தில் வைத்திருக்கிறது! தாயின் மடியில் கற்றதால் அதற்கு மனப்பாடம் என்ற பெயர் வைக்க எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

செபமாலையின் கதையும் இதனைச் சேர்ந்ததே. துறவியர் 150 திருப்பாடல்களையும் ஓதி வந்தனர். புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குப்படி வாரம் ஒருமுறை 150 பாடல்களும் ஓதி முடிக்கப்பட வேண்டும். எழுத்தறியாத எளிய மக்கள் அவற்றுக்கு ஈடாக 150 அருள்நிறை மந்திரங்களைச் சொன்னார்கள். 2002இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்தபின் அந்த எண்ணிக்கை கூடிற்று. எனினும் மணிகளை உருட்டும் கை, ஒரு காலத்தில் ஏட்டுக்குப் பதிலாக இருந்த கை என்பதை மறக்கலாகாது.

பழங்காலத்தில் ஏடுகள் அரியவை, கையால் எழுதப்பட்டவை. ஆகவே நினைவில் நிற்கும்படியாகவே பல பகுதிகள் இயற்றப்பட்டன. 119ஆம் திருப்பாடலில் 176 வசனங்கள் உள்ளன. எபிரேய மொழியின் 22 எழுத்துக்களையும் வரிசையாக எடுத்து, எழுத்துக்கு எட்டு வசனங்களாக அது பாடப்பட்டுள்ளது. ஔவையார் அகர வரிசையில் ஆத்திசூடி அமைத்ததை அறிந்த நமக்கு இந்த உத்தி புதிதன்று. நீதிமொழிகள் நூலின் இறுதியில், திறமை மிக்க இல்லாளைப் போற்றும் பகுதியும் இவ்வாறே 22 வசனங்களில் அகர வரிசையில் அமைந்தது. பெண்ணின் உழைப்பையும் அறிவையும் கொடையையும் பற்றிய பாடலை மறந்துபோகாதபடி எழுத்து வரிசையில் கோத்து வைத்தார்களே, அதனை நம்போன்ற மாணவியர் எண்ணி மகிழ வேண்டாமா?

அன்னை மரியாளை எடுத்துக்கொள்வோம். எலிசபெத்தம்மாளின் வீட்டில் அவர் பாடிய பாடலைத் துறவற இல்லங்களில் ஒவ்வொரு மாலையும் பாடுகிறார்கள். அதனைச் சாமுவேலின் தாய் அன்னா பாடிய பாடலோடு ஒப்பிட்டு வாசிக்கும்படி சிஸ்டர் ஒருநாள் சொன்னார். 1 சாமுவேல் 2ஆம் அதிகாரத்தையும் லூக்கா முதல் அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வலியோர் தாழ்வதும் தாழ்ந்தோர் உயர்வதும் பசித்தோர் நிறைவதும் இரண்டிலும் வருகின்றன. ஆனால் மரியாளின் பாடல் அன்னாவின் பாடலைப் பார்த்து எழுதியது அன்று. செவிவழியாகப் பழைய பாடல்களில் ஊறி வளர்ந்த நாசரேத்தூர்ப் பெண்ணின் உள்ளத்திலிருந்து அவருடைய சொந்தக் குரலாகவே அது பிறந்தது. மனப்பாடம் பிள்ளைகளைக் கிளிகளாக்கிவிடும் என்று அஞ்சுவோருக்கு இதனைவிடச் சிறந்த மறுமொழி ஏது?

அன்னையின் மடியில் வளர்ந்த ஆண்டவரும் அவ்வாறே செய்தார். பாலைநிலத்தில் சோதிக்கப்பட்டபோது மூன்று முறையும் இணைச்சட்ட நூலின் வசனங்களைக் கொண்டே விடையளித்தார். சிலுவையில் தொங்கும்போது 22ஆம் திருப்பாடலும் 31ஆம் திருப்பாடலும் அவர் நாவில் வந்தன. மூச்சுவிடவும் முடியாத வேதனையில் புதிய சொற்களைத் தேட எவராலும் இயலாது. முன்பே நெஞ்சில் இருந்தவைதாம் அந்நேரத்தில் எழும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பாலைநிலத்தில் ஆண்டவரைச் சோதித்த அலகையும் ஒரு வசனத்தை மனப்பாடமாகச் சொன்னது! 91ஆம் திருப்பாடலின் வசனம் அது. ஒரு சொல்லும் தவறாகச் சொல்லவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், சொன்ன நோக்கம் தவறு. போட்டியாக இருந்தால் அதற்கும் மதிப்பெண் கிடைத்திருக்கும் அன்றோ? வசனம் தெரிந்திருப்பது வேறு, வசனத்தின்படி நடப்பது வேறு என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிறரை மடக்குவதற்காகவும், தன் பக்தியைப் பறைசாற்றுவதற்காகவும் வசனம் சொல்லுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதிகாரம், வசன எண் ஆகியவற்றைப் பற்றியும் ஒரு சொல். போட்டிகளில் எண் தவறினால் மதிப்பெண் குறையும், நியாயந்தான். ஆயினும் அந்த எண்கள் விவிலியத்தோடு பிறந்தவை அல்ல. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்னும் பேராயர் பெயரால் வழங்குகிறது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்களை 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சகத்தார் அமைத்தார். திருப்பாடல்களின் எண்ணும் எல்லாப் பதிப்பிலும் ஒன்றன்று. நாம் இன்று 23 என்று சொல்லும் ஆயன் பாடல் பழைய இலத்தீன் பதிப்பில் 22. எண் வீட்டின் கதவிலக்கம் போன்றது. கதவிலக்கம் வேண்டும்; ஆனால் குடியிருப்பது வீட்டினுள்ளேதான்.

பொருளறியாமல் சொல்வது பற்றிய தாயாரின் கேள்விக்கு நம் திருச்சபையின் வரலாறே விடை சொல்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன் திருப்பலி இலத்தீன் மொழியில் நடந்தது. எங்கள் பாட்டிமார் காலத்துப் பீடச் சிறுவர்கள் இலத்தீன் மறுமொழிகளைக் கேள்வி ஞானமாகவே கற்றுச் சொன்னார்கள். பக்தி இருந்தது, பொருள் பலருக்கு எட்டவில்லை. 1963 டிசம்பர் 4ஆம் நாள் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு தாய்மொழிக்கு வழிதிறந்தது. 1965 நவம்பர் 18ஆம் நாள் வெளியான இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, விசுவாசிகள் அனைவருக்கும் மறைநூல் எளிதில் கிட்ட வேண்டும் என்று வற்புறுத்தியது. தமிழகத்தில் கத்தோலிக்க அறிஞரும் பிற சபை அறிஞரும் கூடி உழைத்ததன் பயனாக 1995இல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. நமக்குப் புரியும் மொழியில் நூல் கைக்கு வந்துவிட்டது. இனிப் பொருள் தெரியாமல் ஒப்பிப்பதற்கு நமக்குச் சாக்கு ஒன்றும் இல்லை!

இனிக் கைப்பேசிக் கேள்விக்கு வருவோம். வியட்நாம் நாட்டின் பேராயர் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, கைது செய்யப்பட்டார். 13 ஆண்டுகள் காவலில் இருந்தார். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. விவிலியத்தை எடுத்துச் செல்ல அவரால் இயலவில்லை. கையில் கிடைத்த துண்டுக் காகிதங்களைச் சேர்த்து, நினைவில் இருந்த நற்செய்தி வசனங்களை எழுதினார். முந்நூறுக்கும் மேல் வந்தன. அந்தச் சிறு கைநூலே சிறையில் அவருக்கு விவிலியமாயிற்று. 1988இல் விடுதலையானார், 2001இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார், 2002இல் இறைவனடி சேர்ந்தார். கைது செய்ய வந்தவர்கள் நூலைத் தடுக்கலாம், கைப்பேசியைப் பிடுங்கலாம். நெஞ்சில் உள்ளதைச் சோதனையிட எந்தக் காவலராலும் ஆகாது.

நம்முள் எவருக்கும் அத்தகைய சிறை வரவேண்டாம். எனினும், புத்தகத்தைத் திறக்க முடியாத இரவு ஒவ்வொரு வீட்டுக்கும் வருகிறது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குச் சென்ற ஆண்டு அது வந்தது. அவள் அனுமதியோடு அதனை இங்கே எழுதுகிறோம்.

திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாள்வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பின்னரே தமிழகத்தோடு சேர்ந்தது. ஆனால் கோடு எங்கே போட்டாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுவிடுமா? எங்கள் தோழியின் பாட்டி நகரிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். வீட்டில் அவரை 'அவ்வா' என்றுதான் அழைப்பார்கள். எழுத்து வாசனை அறியாதவர். திருமணத்துக்குமுன் தம் ஊரில் நடந்த இரவுச் செபக் கூட்டங்களில் காதால் கேட்டே சில பாடல்களைத் தெலுங்கில் மனத்தில் ஏற்றிக்கொண்டவர். பின்னர் இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே, பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேளாத இடத்தில், அவற்றைத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு நாற்பது ஆண்டுகள் வேலை செய்தவர்.

அவ்வாவுக்கு ஒரு கண் முன்பே பார்வை இழந்துவிட்டது. மற்றொரு கண்ணில் புரை முற்றி அறுவை செய்ய வேண்டியதாயிற்று. இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சம் அவருக்கு. முதல்நாள் இரவு மருத்துவமனைக் கூடத்தில் விளக்கை அணைத்த பிறகு தூக்கம் வரவில்லை. துணைக்குப் போயிருந்த பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தல்லி, ஏதாவது சொல்லு" என்றார். பதினாறு வயதுப் பெண் என்ன ஆறுதல் சொல்லுவாள்? "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சரியாகுமா என்பது அவளுக்கே தெரியாது. ஆயன் திருப்பாடலைத் தமிழில் தொடங்கினாள். முதல் வரி முடிந்ததும் அவ்வா அடுத்ததைத் தெலுங்கில் சொன்னார். அவள் தமிழில் ஒன்று, அவர் தெலுங்கில் ஒன்று என்று ஆறு வசனங்களும் முடிந்தன. இருளில் நடப்பதைப் பற்றிய நான்காம் வசனம் வந்தபோது அவ்வா அதனை மட்டும் மூன்று முறை சொன்னாராம்.

அடுத்த கட்டிலில் படுத்திருந்த அம்மாள் எங்கள் ஊர்க்காரரே. "நிறுத்திடாதம்மா, இன்னொரு தரம் சொல்லு" என்றார். இவர்கள் மீண்டும் சொன்னார்கள். முடிந்ததும் அவர் தமக்குத் தெரிந்த கந்த சஷ்டி கவசத்தை மெல்லச் சொல்லத் தொடங்கினார். அவ்வாவும் பேத்தியும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் எப்போது தூங்கினார்கள் என்று எவருக்கும் தெரியாது.

அறுவை முடிந்தது. பார்வை திரும்பிற்று, முழுவதும் அன்று, ஆள் அடையாளமும் வழியும் தெரியும் அளவுக்கு. வசனம் சொன்னதால்தான் கண் தெரிந்தது என்று எங்கள் தோழி சொல்லவில்லை, நாங்களும் சொல்லமாட்டோம். அது மருத்துவரின் கைத்திறன். அத்திறனைத் தந்த இறைவனுக்கு நன்றி. வசனம் செய்த வேலை வேறு. தனியாகக் கடக்க முடியாத ஓர் இரவை இருவராகக் கடக்க வைத்தது. ஒருத்திக்குச் சொல்லத் தெரியாததை அவளுக்காகச் சொல்லிற்று.

அந்த அம்மாள் கவசம் சொன்னதைக் கேட்டு எங்கள் வகுப்பில் ஒருத்தி, "நாம் அவருக்கு வசனம் கற்றுத் தரலாமே" என்றாள். சிஸ்டர் புன்னகையோடு, "அவர் கேட்டார், சொன்னீர்கள். அவர் சொன்னார், கேட்டீர்கள். அதுவே அழகு" என்றார். எங்கள் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பும் தனித்தனியே நடப்பதற்குக் காரணத்தையும் அன்று விளக்கினார். அரசு ஏற்பு அல்லது உதவி பெறும் பள்ளியில், பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் சமயபோதனையில் சேர்க்கலாகாது என்பது நம் அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு. இவ்வூர்ப் பெருமகன் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரீசுக் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலுமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்றவர். புதிய ஏற்பாட்டை அங்கே நன்கு அறிந்துகொண்ட அவர், இந்து சமயத்தின்மீது அங்கு கேட்ட கண்டனங்களால் உள்ளம் உறுத்தப்பட்டே தம் சமயத்தை ஆழ்ந்து கற்றார். அன்போடு பகிர்ந்தால் வசனம் விளக்காகும்; கையில் தடியாக எடுத்தால் காயமே மிஞ்சும்.

இறுதியாக, எப்படி மனப்பாடம் செய்வது என்று தங்கைமார் கேட்கலாம். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வில் தம்மையே சோதித்துப் பார்த்தார். பொருளற்ற அசைகளைக் கற்றபின், ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேலும், ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கும் மறந்துபோனதைக் கண்டார். 2006இல் அமெரிக்க அறிஞர்களான ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து மிகுதியாக நினைவு வைத்திருந்தனர். இதனை அறியுமுன்பே நம் திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள் இதனைத்தான் செய்தார்கள்!

எங்கள் முறை இதுவே. முதலில் வசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ளதை வாசித்து, யார் யாரிடம் எதற்காகச் சொன்னது என்று தெரிந்துகொள்வோம். பிறகு அதன் பொருளை வீட்டுப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். அப்படிச் சொல்ல வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள். அடுத்து, மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்போம். அன்றிரவு ஒரு முறை, மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, பின் மாதத் தலை வெள்ளியன்று எனத் திருப்பிப் பார்ப்போம். அந்த வாரத்தில் அவ்வசனத்துக்கு ஏற்ற ஒரு செயலையாவது செய்வோம். மன்னிப்பைப் பற்றிய வசனமானால் பேசாதிருந்த ஒருத்தியிடம் பேசுவோம். வாரம் ஒன்று எனில் ஆண்டுக்கு 52. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை 260. நான்காம் நூற்றாண்டு எகிப்தில் புனித பக்கோமியுஸ் தம் மடத்தில் சேர வருவோர் 20 திருப்பாடல்களையேனும் கற்க வேண்டும் என்று விதித்தார். அதே நாட்டு வனத்து அந்தோனியாருக்கு நினைவே நூல்களாக இருந்தது என்று புனித அத்தனாசியார் எழுதியிருக்கிறார். அவர்களோடு ஒப்பிட்டால் நம் பங்கு சிறிதே. ஆயினும் சிறுகக் கட்டிப் பெருக வாழலாம்.

தோழியரே, இந்தக் கோடை விடுமுறையில் ஒரு வேலை செய்வோம். நம் வீட்டில் மூத்தவர் எவரோ அவர் அருகில் அமர்ந்து, "உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த வசனம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்போம். நம் திருவிவிலியத்தில் உள்ள சொற்களுக்கும் அவர் சொல்லுக்கும் வேறுபாடு இருக்கலாம்; மொழியே வேறாகவும் இருக்கலாம். திருத்த வேண்டாம். அவர் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதி, எந்த வயதில், யாரிடம், எந்தத் துன்பத்தில் அதனைக் கற்றார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்வோம். பிறகு நோட்டை மூடிவிட்டு, அவர் காது கேட்க அதனைச் சொல்லிக் காட்டுவோம். பள்ளி திறந்ததும் அவரவர் நோட்டை மறைக்கல்வி வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். முதல் வார வசனத்தை அவற்றிலிருந்தே எடுப்பதாகச் சிஸ்டர் சொல்லியிருக்கிறார்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்